கனகலிங்கத்தார் வீட்டுக் கரண்ட்

பெற்றோல் ஷெட்டில் வேலை செய்யும் தவராசா பெற்றோல் தேவைப்படாத கார் வாங்கினார் என்பது லண்டன் ஹரோப் பக்கத்தில் கொஞ்சக் காலம் நல்ல பகிடியாக ஓடியது. கோயிலில் கண்டவர்களும் கலியாண வீட்டில் கண்டவர்களும் முதலாளிக்குத் தெரியுமா என்று கேட்டார்கள். தவராசாவும் கூடச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பெருமையும் கலந்திருந்தது. ஜேர்மனியில் உணவகங்களில் கோப்பை கழுவி, பிறகு பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று குடும்பத்தோடு லண்டனுக்கு வந்து சேர்ந்த மனிதர் அவர். அதுவரை ஓடியதெல்லாம் கதவு ஒன்று திறக்காத, ஜன்னல் ஒன்று மூடாத கார்கள். இதுவும் இன்னொருவரிடமிருந்து கைமாறி வந்ததுதான். என்றாலும் வெள்ளை நிறம், சத்தமே இல்லாத ஓட்டம், நடுவில் ஒரு சின்னத் தொலைக்காட்சி அளவுக்குத் திரை.

உலகம் சூடாகிக்கொண்டு போகிறது, நாங்களும் எங்கள் பங்கைச் செய்யவேண்டும் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார். உண்மையில், பழைய டீசல் காரை லண்டனுக்குள் எடுத்தாலே ஒவ்வொரு நாளும் கட்டணம் என்று ஆன பிறகு வேறு வழியில்லாமல் வாங்கியதுதான். அவர் உலகம் சூடாகிற கதையைத் தொடங்கும்போதெல்லாம் மனைவி சுசிலா வேறு யாருடனாவது பேசத் தொடங்கிவிடுவாள்.

காரைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்வித்தார்கள். நாலு சில்லுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, பொட்டு வைத்துவிட்டு ஐயர் காரை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். பண்ணியாகிவிட்டது என்றார் தவராசா. ஐயர் காதைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, வடிவாய்ப் பண்ணுங்கோ என்றார். கடைசியில் எலுமிச்சம்பழம் நசிந்த பிறகுதான் ஐயருக்கு நம்பிக்கை வந்தது.

கார் வாங்கும்போது தவராசா எல்லாம் பார்த்தார். சீட் பார்த்தார், டயர் பார்த்தார், பின்னுக்கு எத்தனை அரிசி மூட்டை வைக்கலாம் என்றும் பார்த்தார். எங்கே கொண்டுபோய்ச் சார்ஜ் பண்ணுவது என்பதை மட்டும் பார்க்கவில்லை. அவர் இருந்தது ஒரு கடைக்கு மேலே இருந்த வீட்டில். காரைப் பின் ஒழுங்கையில் விடவேண்டும். கவுன்சில் இரண்டு தெரு தள்ளி விளக்குக் கம்பங்களில் சார்ஜ் பண்ணுகிற வசதி பூட்டியிருந்தது. அங்கே எந்நேரம் போனாலும் யாரோ ஒருவருடைய கார் பிறந்ததிலிருந்து நிற்பதுபோல நிற்கும். பெருந்தெருவில் வேகமாக ஏற்றுகிற இடத்தில் பெற்றோலை விட விலை. அதற்கும் வரிசை.

இப்படி ஒரு சனிக்கிழமை அந்த வரிசையில் நின்று, திரையில் மிச்சச் சார்ஜ் சிவப்புக்கு மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தவராசாவுக்குக் கனகலிங்கத்தாரின் நினைவு வந்தது.

கனகலிங்கத்தார் அவருக்கு ஒன்றுவிட்ட அண்ணை. எழுபதுகளில் படிக்க வந்து, கணக்காளராகி, ஹரோவில் கராஜோடு வீடு வாங்கியவர். ஊரில் சண்டை தொடங்கிய பிறகு ஓடி வந்தவர்களைப் பார்த்து முகம் சுளித்த படித்த ஆட்கள் சிலர் அந்தக் காலத்தில் உண்டு. கனகலிங்கத்தார் அந்த ரகம் இல்லை. தவராசா குடும்பம் ஜேர்மனியிலிருந்து வந்து இறங்கியபோது பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பிடித்துக் கொடுத்ததும், டொக்டரிடம் பதிந்து விட்டதும், வீடு வாடகைக்கு எடுக்கப் பொறுப்பு நின்றதும் அவர்தான். அண்ணை இல்லாவிட்டால் நாங்கள் இல்லை என்று தவராசா அப்போது ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். பிறகு வருடப் பிறப்புக்கு மட்டும் போனார். பிறகு வருடப் பிறப்புக்குப் போன் அடித்தார். பிறகு செத்த வீடுகளில் கண்டால் தோளைத் தட்டிவிட்டுப் போவதோடு சரி. கோபதாபம் ஒன்றும் இல்லை. லண்டனில் பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டே தூரமாய்ப் போக ஒரு காரணமும் தேவையில்லை.

அண்ணைக்குப் பாரிசவாதம் வந்து ஒரு கால் இழுத்துக்கொண்ட செய்தி அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை ஹோர்லிக்ஸ் போத்தலோடு போய்ப் பார்த்தவர். அண்ணை இப்போது கார் ஓடுவதில்லை, காரை விற்றாயிற்று, வீட்டு முன்னால் கார் விடுகிற இடம் வெறுமையாகக் கிடக்கிறது என்பதும் தெரியும். வரிசையில் நின்றபோது அவருக்கு நினைவு வந்தது அண்ணையின் இழுத்த கால் அல்ல, அந்த வெறும் இடம்தான். இதை அவர் யாருக்கும் சொல்லியதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும்.

வழியில் தமிழ்க் கடையில் முந்திரிகைப்பழம் ஒரு பெட்டி வாங்கினார். கதவைத் திறந்த அண்ணையின் மனைவி பாலாம்பிகை சந்தோசத்தில் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். கனகலிங்கத்தார் எழும்பத் தெண்டித்தார், முடியவில்லை, கையை மட்டும் நீட்டினார். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்ததாகத் தவராசா சொன்னார். தேத்தண்ணி வந்தது. குடித்து முடிகிற நேரத்தில், ஏதோ அப்போதுதான் யோசனை வந்தவர்போல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக் கேட்டார்:

"அண்ணை, காரைக் கொஞ்சம் கரண்டிலை குத்தி விடட்டே?"

"அதுக்கென்ன, குத்தும். கராஜுக்கை பிளக் கிடக்கு."

சாதாரண வீட்டுப் பிளக். தேத்தண்ணிக் கேத்தல் குத்துகிற பிளக்கில் கார் நிரம்ப அரை நாள் எடுக்கும். ஆகவே தவராசா மத்தியானம் அங்கேயே சாப்பிட்டார். இடியப்பம், சொதி, கத்தரிக்காய்ப் பொரியல். பொழுதுபடுகிற நேரம் காரில் போதுமான அளவு ஏறியிருந்தது. பாலாம்பிகை மிச்ச இடியப்பத்தைச் சுசிலாவுக்கு என்று கட்டிக் கொடுத்தார். அடுத்த கிழமையும் வருவீரோ என்று கனகலிங்கத்தார் கேட்டார். தவராசா வருவேன் என்றார், அது உண்மையும் கூட.

அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாது. ஒவ்வொரு முறையும் ஏதாவது பழம் கொண்டு போவார். பழம் கொண்டு போனால் அது கரண்ட் எடுக்கப் போவது ஆகாது, உறவு பார்க்கப் போவது ஆகிவிடும் அல்லவா. காரைக் கராஜ் வாசலோடு ஒட்டி விடுவார், வயரைக் கதவுக்குக் கீழால் இழுத்துக் குத்துவார், கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போவார். கனகலிங்கத்தார் கடதாசி விளையாட்டுப் பிரியர். ஒரு காலத்தில் அந்த வீட்டு மேசையில் நாலு பேர் இருந்து முன்னூற்றிநாலு விளையாடி விடியப் பண்ணியிருக்கிறார்கள். அந்த மற்ற மூன்று பேரில் இருவர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், ஒருவர் மகளோடு கனடாவுக்குப் போய்விட்டார். இரண்டு பேருக்கு முன்னூற்றிநாலு சரிவராது. ஆகவே ரம்மி. அண்ணை கையில் வைத்திருக்கும் கடதாசியை ஒவ்வொன்றாக யோசித்து யோசித்து இறக்குவார். தவராசா தொடைக்குப் பக்கத்தில் போனை வைத்து, அதில் கார் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே விளையாடுவார். தோற்பார். தோற்பது நல்லது என்றும் நினைத்துக்கொள்வார், அண்ணைக்குச் சந்தோசம்.

ஒருநாள் கனகலிங்கத்தார் கடதாசியிலிருந்து தலை நிமிராமலே எவ்வளவு வீதம் ஏறிவிட்டது என்று கேட்டார். அறுபது என்றார் தவராசா. அப்படியென்றால் இன்னும் ஒரு ஆட்டம் போடலாம் என்றார் அண்ணை. அவருக்கு இந்தப் புதுச் சாமான்களில் ஒரு விருப்பம் போல என்று தவராசா நினைத்தார். ஒருவன் தன் கள்ளம் பிடிபடவில்லை என்று நம்ப விரும்பினால் எதையும் நம்புவான்.

சுசிலாவுக்கு இது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. போகிற வழியில் பழம் வாங்கிக்கொண்டு போய் மற்றவர் வீட்டுக் கரண்டை எடுக்கிறீர்கள், நேராகவே சொல்லிக் கேட்டால் அண்ணை வேண்டாம் என்பாரா, கரண்ட் காசைக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டாள். தவராசாவுக்குக் கோபம் வந்தது. அண்ணையிடம் காசு நீட்டினால் அது அவரை அவமதிப்பது என்றார். உறவுக்குள் கணக்குப் பார்ப்பதா என்றார். இதையெல்லாம் அவர் நல்ல குரலில், ஒரு பக்கத்து நியாயத்தோடுதான் சொன்னார். சுசிலா பிறகு ஒன்றும் கேட்கவில்லை. இடியப்பப் பொட்டலத்தை மட்டும் அவள் திறப்பதில்லை. பிள்ளைகள்தான் சாப்பிட்டார்கள்.

அண்ணைக்கு எழுபத்தைந்து வந்தது. லீட்ஸில் டொக்டராக இருக்கும் மகள் சிவரூபினி வந்து, ஒரு மண்டபம் எடுத்து, சனத்தைக் கூப்பிட்டுக் கொண்டாடினாள். அவுஸ்திரேலியாவில் இருக்கும் மகன் திரையில் வந்து வாழ்த்தினான். கேக் வெட்டினார்கள். அதற்குப் பிறகு பாலாம்பிகை மைக்கைப் பிடித்தார். மேடையில் பேசிப் பழக்கம் இல்லாத மனிசி. இவருக்கு வருத்தம் வந்த பிறகு வந்து போனவர்கள் கனபேர், ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து மத்தியானம் முழுக்கப் பக்கத்தில் இருக்கிற ஒருவர் இருக்கிறார், பெற்ற பிள்ளைகளுக்கும் கிடைக்காத நேரம் அவருக்கு எங்களுக்காகக் கிடைக்கிறது என்று சொல்லி, தவராசாவை மேடைக்குக் கூப்பிட்டார்.

தவராசா எழும்பவில்லை. பக்கத்து மேசையில் இருந்தவர்கள் முதுகில் தட்டி எழுப்பிவிட்டார்கள். சிவரூபினி கண் கலங்கி அவர் கையைப் பிடித்தாள். கனகலிங்கத்தார் கதிரையில் இருந்தபடியே பொன்னாடையை எடுத்து, எட்டாமல், அவரைக் குனியச் சொல்லிப் போர்த்தினார். மண்டபம் கை தட்டியது. குனிந்தபடி நின்ற தவராசாவுக்கு நிமிரவே மனம் வரவில்லை. அந்த நிமிடத்தில் மைக்கைப் பிடுங்கி, நான் வந்தது கரண்டுக்கு என்று சொல்லிவிட்டால் என்ன என்றும் ஒரு யோசனை ஓடியது. சொல்லவில்லை. படம் எடுத்தவன் சிரிக்கச் சொன்னான், சிரித்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் கார் வழக்கம்போலச் சத்தமில்லாமல் போனது. சுசிலா தெருவைப் பார்த்தபடி கேட்டாள்:

"பொன்னாடை உங்களுக்கோ, காருக்கோ?"

வீட்டுக்குப் போனதும் தவராசா அந்தப் பொன்னாடையை அலுமாரியின் மேல்தட்டில் பழைய போர்வைகளுக்குக் கீழே வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை ஒரு முடிவோடு போனார். பழம் கொண்டு போனார், வயரை எடுக்கவில்லை. இன்று உண்மையாகவே அண்ணையைப் பார்க்கத்தான் போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். போய் இருந்தார். தேத்தண்ணி குடித்தார். ஒரு ஆட்டம் விளையாடினார். அதற்கு மேல் இருக்க முடியவில்லை. வெளியே கார் சும்மா நின்றது, உள்ளே இவர் சும்மா இருந்தார், நேரம் நகரவே இல்லை. அண்ணை சொல்லும் கதைகள் இவ்வளவு நீளமா என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு வேலை வந்துவிட்டது என்று சொல்லி எழும்பினார். கனகலிங்கத்தார் கையில் இருந்த கடதாசிகளை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, இன்றைக்குக் குத்தவில்லையா என்று கேட்டார். இல்லை அண்ணை, இன்றைக்குத் தேவையில்லை என்றார் தவராசா. அண்ணையின் முகம் சுருங்கியதை அவர் பார்த்தார். தன்னைப் பற்றித் தவராசாவுக்கு இருந்த நல்ல எண்ணம் அன்றைக்குக் கொஞ்சம் உடைந்தது. வயர் இல்லாமல் அந்த வீட்டில் ஒரு மணித்தியாலம் இருக்க முடியாத மனிதன் தான் என்பது தெரிந்துவிட்டது.

அதற்கடுத்த கிழமை மறுபடி வயரோடு போனார். வெட்கம் இருந்தது, ஆனால் காரும் ஓடவேண்டுமே.

அந்த வருடம் முடிவதற்குள் பெற்றோல் ஷெட் முதலாளி வளவின் ஒரு மூலையில் சார்ஜ் பெட்டிகள் பூட்டினார். இனிக் காலம் இதுதான் என்றார். வேலை செய்கிறவர்கள் ஷிப்ட் நேரத்தில் ஓரத்துப் பெட்டியில் குத்திக்கொள்ளலாம் என்றும் சொன்னார். தவராசா கல்லாவில் நின்று பெற்றோல் காசு எடுத்துக்கொண்டிருக்க, வெளியே அவருடைய கார் நிரம்பியது. அவருக்கு ஒரு பாரம் இறங்கியதுபோல இருந்தது. இனி அந்த வீட்டுக்குக் கள்ளனைப்போலப் போகத் தேவையில்லை என்று நினைத்தார். கரண்டுக்காகப் போகாமல், மனமார, நேரம் கிடைக்கும்போது போகலாம் என்று நினைத்தார்.

நேரம் கிடைக்கவில்லை. சனிக்கிழமை வந்தது, போனது. முதல் கிழமை கனகலிங்கத்தார் போன் அடித்துக் கேட்டபோது, இந்தக் கிழமை ஷிப்ட் அண்ணை என்றார். அடுத்த கிழமையும் அதையே சொன்னார். பிறகு ஒருநாள், இனிச் சனிக்கிழமைகளில் எனக்கு வேலை போட்டுவிட்டார்கள், என்ன செய்வது என்று ஒரேயடியாகச் சொல்லி முடித்தார். அப்படி ஒரு ஷிப்ட் இல்லை. சனிக்கிழமைகளில் அவர் வீட்டில் படுத்திருந்து தொலைக்காட்சி பார்த்தார். கனகலிங்கத்தார், உடம்பைப் பார்த்துக்கொள்ளும் தம்பி, கனக்க நிற்காதையும், கால் வீங்கும் என்றார். போனை வைத்த பிறகு தவராசாவுக்குக் கொஞ்ச நேரம் எதுவும் செய்யப் பிடிக்கவில்லை. பிறகு பிடித்தது. மனிதருக்கு எதுவும் பழகிவிடும்.

குளிர் காலம் போய், மரங்கள் தளிர்க்கத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை, தமிழ்க் கடையில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்த தவராசாவுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"தம்பி, இண்டைக்கு ஷிப்ட் இல்லையே?"

பாலாம்பிகை. குத்திக் கேட்கிற குரல் இல்லை, சந்தோசமாகத்தான் கேட்டார். அதுதான் இன்னும் மோசம். இன்றைக்கு மட்டும் லீவு தந்தார்கள் அண்ணி என்று தவராசாவின் வாய் தானாகவே சொன்னது. பாலாம்பிகையின் இரண்டு கையிலும் பைகள். பஸ்ஸில் வந்திருக்கிறார், பஸ்ஸில் போகவேண்டும். ஒரு பையில் அரிசி, தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அந்த நிலையில் ஒரு பெரிய மனிசியைக் கண்டுவிட்டு, போய் வாருங்கள் என்று சொல்ல எங்கள் ஆட்களில் யாருக்கும் வாய் வராது. காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். வீட்டுப் படலையடியில் இறக்கிவிட்டு, அவசர வேலை என்று திரும்பிவிடலாம் என்பது அவருடைய எண்ணம்.

வழியில் பாலாம்பிகை ஷிப்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் அண்ணைக்குக் கால் இன்னும் பலவீனமாகிவிட்டது, நடக்கிற சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் நடக்கிறார், கடதாசியைத் தனியே அடுக்கி அடுக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார் என்றார். தவராசா ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

வீட்டு முன்னால் திரும்பியபோது கராஜ் சுவரில் ஒரு புதுப் பெட்டி தெரிந்தது. கறுப்பு நிறம், சின்ன விளக்கு, பக்கத்தில் ஆணியில் வளைத்து மாட்டிய தடித்த வயர். தவராசாவுக்கு அது என்னவென்று பார்த்தவுடன் தெரிந்தது. வேலையிடத்தில் தினமும் காண்கிற சாமான். சிவரூபினி எலெக்ட்ரிக் கார் வாங்கிவிட்டாளா என்று கேட்டார்.

பாலாம்பிகை காரிலிருந்து இறங்காமலே மறுமொழி சொன்னார். இல்லை தம்பி, அவளுடையது பெற்றோல் கார். நீங்கள் வந்து போகத் தொடங்கின காலத்தில், சித்தப்பா இவ்வளவு நேரம் காத்திருக்கிறார், பாவம், சுறுக்காக ஏற்றுகிற பெட்டி ஒன்று பூட்டித் தருகிறேன் என்று அவள் கேட்டாள். இவர்தான் வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றார்.

"சுறுக்கா ஏறினாச் சுறுக்காப் போயிடுவான் எண்டவர்."

தவராசாவின் கை ஸ்டீயரிங்கிலேயே இருந்தது. பாலாம்பிகை பைகளைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தையும் சொன்னார். நீங்கள் வராமல் விட்ட பிறகு இவருக்கு ஒரு யோசனை. இவ்வளவு மணித்தியாலம் இருக்கவேண்டியிருந்ததால்தான் தம்பிக்குச் சரிவரவில்லை போல என்றார். தானே போன் அடித்து ஆளைக் கூப்பிட்டுப் பூட்டுவித்தார். ஒரு மணித்தியாலம் என்றாலும் வருவான்தானே என்றார். உங்களிடம் சொல்லச் சொன்னேன். வரும்போது காணட்டும் என்று விட்டுவிட்டார்.

அண்ணைக்குத் தெரிந்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. பழப் பெட்டி, ஓரக்கண், தொடைக்குப் பக்கத்தில் போன், எல்லாம் தெரிந்துகொண்டுதான் அந்த மனிதர் ஒவ்வொரு கடதாசியையும் அவ்வளவு மெதுவாக இறக்கியிருக்கிறார். கரண்டுக்கு வருகிறவன் என்றாலும் வருகிறவன்தானே என்று எண்ணியிருக்கிறார். மண்டபத்தில் அத்தனை பேருக்கு முன்னால், தெரிந்துகொண்டே பொன்னாடை போர்த்தியிருக்கிறார். தவராசாவுக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. காரைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு ஓடிவிடவும் மனம் சொன்னது. பக்கத்து சீட்டில் பாலாம்பிகை இருந்தார், பின் சீட்டில் அரிசி இருந்தது.

அதற்குள் கதவு திறந்துவிட்டது. கனகலிங்கத்தார் சட்டத்தைப் பிடித்தபடி வாசலில் நின்றார். முதலில் காரைப் பார்த்தார், பிறகுதான் தவராசாவைப் பார்த்தார். வீட்டில் கிடந்து உடுத்துகிற கட்டம் போட்ட சாரம், மேலே குளிருக்கு ஒரு மேற்சட்டை, மெலிந்த முகம், ஆனால் கண் மட்டும் பிரகாசமாகிவிட்டது.

"வந்திட்டீரே. இன்னும் கொஞ்சம் கிட்ட விடும், வயர் எட்டும்."

கார் நிரம்பிக் கிடந்தது. முதல்நாள் வேலையிடத்தில் ஷிப்ட் முழுக்கக் குத்தியிருந்தது. அதைச் சொல்லியிருக்கலாம். தவராசா காரைக் கிட்டக் கொண்டுபோய் விட்டார், இறங்கினார், ஆணியிலிருந்த வயரை எடுத்தார். கனகலிங்கத்தார் படியில் நின்றபடி, பூட்ட வந்த பெடியன் சொல்லித் தந்ததைச் சொன்னார். நீல விளக்கு எரிந்தால் ஏறுகிறது, பச்சை எரிந்தால் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். அவர் அதைச் சொல்லிய விதத்தில், இந்தப் பெட்டி பூட்டிய நாளிலிருந்து அதைச் சொல்லக் காத்திருந்தது தெரிந்தது.

தவராசா வயரைக் காரில் குத்தினார். பெட்டிக்குள் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. பச்சை எரிந்தது.

இருவரும் அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நீலமாக மாறும் என்று கனகலிங்கத்தார் கொஞ்ச நேரம் பார்த்திருக்கவேண்டும். மாறவில்லை.

"நிரம்பிக் கிடக்குது போலை," என்றார்.

"ஓம் அண்ணை."

எங்கே குத்தினீர் என்று அவர் கேட்டார். வேலையிடத்தில், அங்கே இப்போது பூட்டியிருக்கிறார்கள் என்று தவராசா சொன்னார். எப்போதிருந்து என்று அண்ணை கேட்கவில்லை. ஆனால் கனகலிங்கத்தார் வாழ்நாளெல்லாம் கணக்குப் பார்த்த மனிதர். எந்த மாதத்தோடு சனிக்கிழமைகள் நின்றன என்பது அவருக்கு நினைவிருக்கும், எதனால் நின்றன என்பதும் இப்போது பச்சையாக எரிந்துகொண்டு நின்றது. தவராசா நிலத்தைப் பார்த்தார். ஏச்சு வரும் என்று எதிர்பார்த்தார். வந்தால் நல்லது என்றும் நினைத்தார், ஏச்சுக் கேட்டால் கொஞ்சமாவது ஆறும்.

ஏச்சு வரவில்லை. கனகலிங்கத்தார் உண்மையாகவே விளங்காதவர்போல, மெதுவாகக் கேட்டார்:

"அப்ப இண்டைக்கு எதுக்குத் தம்பி வந்தனீர்?"

குத்தல் இல்லை அந்தக் கேள்வியில். கேட்டுவிட்டு அவர் தவராசாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு என்ன மறுமொழி வேண்டும் என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. தவராசாவிடம் அந்த மறுமொழி இல்லை. இருந்ததெல்லாம் பின் சீட்டு அரிசிப் பைதான்.

"உங்களைப் பாக்கத்தான் வந்தவர்," என்றார் பாலாம்பிகை, காரின் மற்றப் பக்கத்தில் இருந்து. "கடையிலை என்னைக் கண்டு, அண்ணையைப் பாக்கவேணும், வாங்கோ போவம் எண்டு தான்தான் கூட்டிக்கொண்டு வந்தவர்."

கனகலிங்கத்தாரின் முகம் மலர்ந்தது. எழுபத்தைந்தாம் பிறந்தநாள் மேடையில்கூட அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தைத் தவராசா கண்டதில்லை. என்னைப் பார்க்கவா என்று ஒருதரம் கேட்டார், மனைவியிடம் அல்ல, தவராசாவிடம்.

"ஓம் அண்ணை," என்றார் தவராசா.

அந்த வீட்டில் அவர் சொன்ன பொய்கள் எத்தனையோ. மற்றதெல்லாம் அவராகச் சொன்னவை, எதையும் இவ்வளவு கூசிச் சொன்னதில்லை. கனகலிங்கத்தார் சட்டத்தைத் திருப்பிக்கொண்டு, கேத்தலைப் போடப் போவதாகச் சொல்லியபடி உள்ளே நடந்தார். தவராசா பின் சீட்டிலிருந்து எடுத்த அரிசிப் பையைப் பாலாம்பிகை வந்து அவர் கையிலிருந்து வாங்கினார். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தவராசாவுக்குத் தாங்கியிருக்காது, பார்க்காமல் போனதும் தாங்கவில்லை.

வயரைக் கழற்றி ஆணியில் மாட்டினார். உள்ளே போக வெட்கமாக இருந்தது. போகாமல் திரும்ப அதைவிட வெட்கமாக இருந்தது. உள்ளே இருந்து கடதாசியைக் கலைக்கிற சத்தம் கேட்டது. தவராசா வாசலில் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார்.